ஐசியு வாசலில் நேர்ந்த பொருத்தனை: வாசகர் கேள்வி பதில்

ஆரோக்கிய மாதா திருவிழா நெருங்குகிறது. பெங்களூரு சிவாஜிநகர் பேராலயத்தில் ஆகஸ்ட் 29-இல் தொடங்கும் நவநாளுக்கு (ஒன்பது நாள் ஜெபத்துக்கு) முன்பாகவே, பொருத்தனையை, அதாவது கடவுளுக்கு நேர்ந்துகொள்வதைப் பற்றிய கேள்விகள் வந்துவிட்டன. அதனால் இம்முறை அதற்கே அதிக இடம் தருகிறோம்.

கேள்வி: கணவருக்கு மாரடைப்பு வந்து ஐசியுவில் இருந்தபோது, "இவர் பிழைத்தால் இவரே வேளாங்கண்ணிக்கு நடந்து வருவார், என் கழுத்துச் சங்கிலியை மாதாவுக்குப் போடுகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். பிழைத்துவிட்டார். ஆனால் நீண்ட தூரம் நடக்கவே கூடாது என்கிறார் டாக்டர். சங்கிலியோ ஆஸ்பத்திரி பில்லுக்காக அடகில் இருக்கிறது. வட்டி கட்டவே திணறுகிறேன். நேர்ந்ததைச் செய்யாவிட்டால் மறுபடியும் ஏதாவது வந்துவிடும் என்கிறார் மாமியார். பைபிளில் சபை உரையாளர் 5-ஆம் அதிகாரத்தையும் எடுத்துக் காட்டுகிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. (வாசகி, லிங்கராஜபுரம்)

பதில்: முதலில் உங்கள் கணவரின் நடையை எடுத்துக்கொள்வோம். அது இப்போதே தீர்ந்துவிடும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், எண் 1193, பொருத்தனை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்கிறது. ஐசியுவில் மயக்கத்தில் கிடந்த மனிதர் எதையும் நேரவில்லை. அவருக்காக நீங்கள் நேர்ந்தது அவரைக் கட்டாது. அவர் நடக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு மொட்டை போடுகிறேன், மகளைக் கன்னியர் மடத்துக்கு அனுப்புகிறேன் என்று நேர்ந்துகொள்ளும் பெற்றோருக்கும் இதுவே பதில்.

சங்கிலி நீங்களே நேர்ந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எண் 1191-இன்படி பொருத்தனை என்பது, இயலக்கூடிய, கூடுதல் நன்மையான ஒன்றைச் செய்வதாக, யோசித்து, சுதந்திரமாகக் கடவுளுக்குத் தரும் வாக்குறுதி. மாதா பெயரைச் சொல்லி நேர்ந்தாலும் வாக்குக் கொடுத்தது கடவுளுக்குத்தான். அந்தச் சொற்களில் இரண்டை உங்கள் நிலைமையோடு வைத்துப் பாருங்கள். "யோசித்து": ஐசியு கதவுக்கு வெளியே நின்று அலறிய அலறல் உண்மையிலேயே பொருத்தனைதானா, அல்லது "மாதாவே காப்பாத்து, எதை வேணும்னாலும் தர்றேன்" என்ற மன்றாட்டா? "கூடுதல் நன்மை": மருந்துக்கும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்கும் போக வேண்டிய பணத்தை எடுத்து நகையை மீட்டுக் காணிக்கை போடுவதில் நன்மை எங்கே கூடுகிறது?

அது உண்மையான பொருத்தனைதான் என்றே வைத்துக்கொண்டாலும் வழி இருக்கிறது. எண் 1196-இன்படி, நியாயமான காரணம் இருந்தால் தனிப்பட்ட பொருத்தனையிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் உங்கள் பங்குத்தந்தைக்கே (உங்கள் பகுதிக் கோயிலின் பொறுப்புக் குருவுக்கே) உண்டு. இதற்காக ரோமுக்கோ பேராயர் இல்லத்துக்கோ எழுத வேண்டியதில்லை. எண் 1197 இன்னும் ஒரு வழி தருகிறது: நேர்ந்ததற்குச் சமமான அல்லது அதைவிட மேலான நற்செயலாக நீங்களே மாற்றிக்கொள்ளலாம். சிறியதாகக் குறைப்பதற்கு மட்டும் பங்குத்தந்தை வேண்டும்.

இப்படிச் செய்யுங்கள். அன்று வாயால் சொன்ன வார்த்தைகளை, நினைவில் இருக்கும்படியே, ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே இன்றைய நிலைமை: கடன் எவ்வளவு, மாத வட்டி எவ்வளவு, மருந்துச் செலவு எவ்வளவு. பங்கு அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் போய், "ஃபாதர், ஒரு பொருத்தனையிலிருந்து விடுதலை அல்லது மாற்றம் வேண்டும்" என்று இதே சொற்களில் கேளுங்கள். "ஒரு கஷ்டம், ஜெபிச்சுக்குங்க ஃபாதர்" என்று மட்டும் சொன்னால் அவர் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடுவார். நீங்கள் பழைய பாரத்தோடு வீடு திரும்புவீர்கள். பாவசங்கீர்த்தனத்தில்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. உதவிப் பங்குத்தந்தை மட்டும் இருந்தால் பங்குத்தந்தையைச் சந்திக்க நேரம் கேட்டு வாருங்கள். அவர் சங்கிலிக்குப் பதிலாக, நவநாளில் ஒரு நாள் பஸ்ஸில் சிவாஜிநகர் போய்ப் பூசை காண்பது, வீட்டில் ஜெபமாலை சொல்வது, ஆஸ்பத்திரி வார்டில் துணையில்லாத ஒரு நோயாளிக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடுப்பது என்று ஏதாவது சொல்லலாம். ஒன்றுமே வேண்டாம் என்றும் விடுவிக்கலாம். எப்படிச் சொன்னாலும் விஷயம் அத்தோடு முடிந்தது. மனம் ஆறவில்லை என்று அடுத்த பங்குக்குப் போய் மறுபடி கேட்காதீர்கள்.

உங்கள் மாமியார் காட்டிய வசனம் உண்மையானதுதான். நேர்ந்துவிட்டுச் செய்யாமல் இருப்பதைவிட நேராமல் இருப்பது நல்லது என்கிறது சபை உரையாளர். வாக்குறுதியைத் திருச்சபை அந்த அளவுக்குப் பெரிதாக மதிப்பதால்தான், நிறைவேற்ற முடியாமல் தவிப்பவருக்கு முறையான வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. கடவுள் அடகுக்கடைக்காரர் அல்ல, தவணை தவறினால் கணவரின் உயிரைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கு. அவரை அப்படி நினைத்து நடுங்குவதுதான் இந்தக் கதையில் உண்மையான ஆபத்து. அந்த நடுக்கத்தில் பலர் பழைய பொருத்தனைக்கு மேலே இன்னொரு பெரிய பொருத்தனையை ஏற்றிவிடுகிறார்கள். இந்த வருடம் புதிதாக எதுவும் நேர வேண்டாம், சகோதரி.

இன்னொரு தகவல், மற்ற வாசகர்களுக்கு: நிபந்தனையோடு நேர்ந்து, அந்த நிபந்தனை நடக்கவில்லை என்றால் பொருத்தனை தானாகவே அற்றுப்போகும் (எண் 1194). மகனுக்கு வேலை கிடைத்தால் என்று நேர்ந்தீர்கள், கிடைக்கவில்லை, கடன் இல்லை.

கேள்வி: விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் ஒன்பது வியாழன் நவநாள் எடுத்தேன். ஆறாவது வியாழன் ஷிஃப்ட் மாறியதால் போக முடியவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? (வாசகர், ஆஸ்டின் டவுன்)

பதில்: வேண்டாம். ஏழாவது வாரம் போங்கள். ஆண்டவர் விண்ணேறிய பிறகு, தூய ஆவியின் வருகை வரை மாதாவும் சீடர்களும் கூடி ஜெபித்த நாட்களை நினைத்துத்தான் ஒன்பது என்ற கணக்கு வந்தது. எண்ணிக்கைக்குத் தனி சக்தி எதுவும் கிடையாது. ஜெபத்தின் பலன் வெளிச்சடங்கைப் பிசகாமல் செய்வதில் இருக்கிறது என்று நம்புவதை, கத்தோலிக்க மறைக்கல்வி நூல் எண் 2111 மூடநம்பிக்கையோடு சேர்க்கிறது. வாட்ஸ்அப்பில் "ஒன்பது பேருக்கு அனுப்பு, இல்லையேல் கேடு" என்று வருவதும் இதே ரகம். அழித்துவிடுங்கள்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். இரவில் கால் சென்டர் வேலை. மூன்று மாதமாக ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. இவ்வளவு பாவத்தோடு கடவுளிடம் என்ன கேட்பது? அம்மாவுக்கு அடுத்த மாதம் இடுப்பு ஆபரேஷன் வேறு. (வாசகி, அல்சூர்)

பதில்: நோய், கைக்குழந்தையைப் பார்ப்பது போன்ற தக்க காரணம் இருப்பவருக்கு ஞாயிறு கடமை கிடையாது. விட்டுவிட்டுப் போக முடியாத நோயாளியைக் கவனிப்பதும் அப்படியே. நீங்கள் பாவத்தைச் சுமந்து நிற்கவில்லை, அம்மாவைச் சுமந்து நிற்கிறீர்கள். அம்மாவோடு இருக்க ஒரு மணி நேரம் ஆள் கிடைக்கும் வாரத்தில் போங்கள். சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறு கடமைக்குச் சரி. எந்த மொழியில், எந்தப் பங்கில் என்பது பொருட்டல்ல. அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழுவில்) ஆள் கேளுங்கள். "யாராவது வருவீங்களா" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் வர மாட்டார்கள். ஒருவரைப் பெயர் சொல்லி, "இந்தச் சனி அஞ்சரையிலிருந்து ஏழு வரை" என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு வீட்டிலேயே நற்கருணை கொண்டுவரச் சொல்லிப் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். பல பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளியை ஒட்டி வருவார்கள். அடிக்கடி வேண்டுமென்றால் கேட்கலாம். கட்டிலருகே ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். விழுங்கக் கஷ்டப்படுபவர் என்றால் முன்னதாகவே சொல்லுங்கள், சிறு துண்டாகத் தருவார்கள். நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசம் முதியோருக்கும் நோயாளிக்கும் கிடையாது. அவர்களைக் கவனிப்பவருக்கும் கிடையாது. எனவே நீங்களும் அப்போதே உட்கொள்ளலாம்.

ஆபரேஷனுக்கு முன்பு நோயில் பூசுதல் (குரு நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அருட்சாதனம்) கேளுங்கள். அது சாகப்போகிறவருக்கு மட்டும் என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் போகவில்லை. கடுமையான அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், முதுமையில் உடல் தளர்ந்தவருக்கும் தரலாம். பிறகு நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். கடைசி நிமிடத்தில், நினைவு தப்பியபின் குருவைத் தேடி ஓடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்போது பாவசங்கீர்த்தனமும் செய்ய முடியாது, நற்கருணையும் வாங்க முடியாது. அட்மிட் ஆவதற்கு முந்தைய வாரமே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார். கையில் பிளாஸ்திரி, ஊசி எதுவும் இல்லாத நேரம் அது. இதைக் குருதான் தர முடியும். குருவுக்குப் பதிலாக நற்கருணை கொண்டுவரும் பணியாளர் வந்தால் அவரிடம் இதைக் கேட்காதீர்கள்.

கேள்வி: வேலை போய் எட்டு மாதம். ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. கடவுளோடு சண்டை போடுவது பாவமா? (வாசகர், காக்ஸ் டவுன்)

பதில்: திருப்பாடல் 13-ஐத் திறந்து பாருங்கள்; இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்றுதான் அது தொடங்குகிறது. 88-ஆம் திருப்பாடல் ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது. அதையும் திருச்சபை ஜெபமாகவே வைத்திருக்கிறது. யோபு கடவுளிடம் வழக்காடினார். அவருக்குப் புத்தி சொன்ன நண்பர்களைத்தான் கடைசியில் கடவுள் கடிந்துகொண்டார் (42:7). நம் நாட்டுப் புனிதர் தேவசகாயம், ஆடுமாடுகளையும் விளைச்சலையும் இழந்து நொந்திருந்தபோது, டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு எடுத்துச் சொன்னது இந்த யோபுவின் வரலாறுதான் என்பது மரபு. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற அவர் 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆகவே கோபத்தை அவரிடமே சொல்லுங்கள், அவரைப் பற்றி மற்றவரிடம் அல்ல. தினமும் பத்து நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். ஒரு திருப்பாடலைச் சத்தமாக வாசியுங்கள். பிறகு அன்று அழுத்துவது எதுவோ அதை ஒரே வாக்கியத்தில்: வாடகை, இஎம்ஐ, மச்சானின் பேச்சு. கடைசியில் ஒரு கர்த்தர் கற்பித்த ஜெபம். ஆறுதலாக உணர்ந்தீர்களா என்று பரிசோதிக்காமல் எழுந்துவிடுங்கள். புனித லொயோலா இஞ்ஞாசியார் சொன்ன விதி ஒன்றும் உதவும்: மனம் வறண்டு கிடக்கும் காலத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவுகளை மாற்றாதே. ஊரைவிட்டுப் போவது, ஜெபத்தை நிறுத்துவது போன்ற முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டால், சாவைப் பற்றிய நினைப்பு வந்தால், அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி மறைக்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் கிடைக்கும். மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் கடவுளே என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் சொல்கிறது.

கேள்வி: கையில் பணம் இல்லாதபோதும் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால்தான் ஆசீர்வாதம் என்கிறார்கள் ஒரு ஜெபக்கூட்டத்தில். அப்பாவின் வருட நினைவுப் பூசைக்குக் கொடுக்கவே என்னிடம் இல்லை. (வாசகி, ஃப்ரேசர் டவுன்)

பதில்: கத்தோலிக்கருக்குப் பத்தில் ஒன்று என்று சட்டம் இல்லை. அவரவர் சக்திக்கு ஏற்பத் திருச்சபையின் தேவைக்கு உதவ வேண்டும், அவ்வளவே. சக்தி இல்லாதபோது கொடுக்காதது குறை ஆகாது. கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். உங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் இப்போது நீங்கள் வாங்கும் இடத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். 1833-இல் பாரிஸில் தொடங்கிய சபை அது. உறுப்பினர்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், வெளியே பேச மாட்டார்கள்.

பூசைக்கு ஆயர்கள் குறித்த காணிக்கை உண்டு. ஆனால் காணிக்கை இல்லாவிட்டாலும் ஏழைகளின் கருத்துக்காகப் பூசை வைக்கும்படி திருச்சபைச் சட்டம் எண் 945 குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. அலுவலக ஜன்னலில் சொல்லக் கூச்சமாக இருந்தால், பூசை முடிந்ததும் சக்ரீஸ்தில் (குரு உடை மாற்றும் அறையில்) ஃபாதரிடம் நேரில் சொல்லுங்கள். அப்பாவின் பெயரும் தேதியும் எழுதிய ஒரு சீட்டை இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்துவிட்டால், அந்த நாள் வேறு கருத்துக்குப் போகாமல் இருக்கும்.