ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து நடத்தும் மக்காச்சோள ஆராய்ச்சியால் உழவர்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

உண்டு. சில ஆண்டுகளாக நான் விடாமல் படித்துவரும் ஒரு மக்காச்சோள நோயின், அதாவது கொடிய கருகல் நோயின் (Maize Lethal Necrosis), கதையைச் சொன்னாலே விளங்கும்.

2011 செப்டம்பரில் கென்யாவின் பொமெட் பகுதியில் பச்சையாக நின்ற மக்காச்சோளம் திடீரெனக் காய ஆரம்பித்தது. முதலில் குருத்திலைகளில் மஞ்சள் திட்டு, அப்புறம் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகல், கடைசியில் குருத்தே பட்டுப்போகும். தப்பிய செடியில் கதிரை உரித்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மணி இருக்கும். மூன்று வேளையும் உகாலி என்ற மக்காச்சோள மாவுக் களியை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய அடி!

இரண்டு வைரஸ்கள் ஒரே செடியில் சேரும்போது வரும் நோய் இது. ஒன்றை முக்கியமாக இலைப்பேனும் வண்டும் பரப்புகின்றன, மற்றதை அசுவினி. விதை வழியாகவும் கொஞ்சம் பரவும். சில ஆண்டுகளுக்குள் தான்சானியா, உகாண்டா, ருவாண்டா, எத்தியோப்பியா வரை போய்விட்டது. விற்பனையில் இருந்த ரகங்களில் பெரும்பாலானவை தாக்குப்பிடிக்கவில்லை. கென்யா மட்டும் தனியாக நின்று என்ன செய்திருக்க முடியும்?

2013இல் சிம்மிட் என்ற பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையமும் கென்ய அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் நைவாஷாவில் ஒரு சோதனைப் பண்ணையைத் தொடங்கின. மற்ற நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்களும் விதை நிறுவனங்களும் தங்கள் ரகங்களை அங்கே அனுப்பிச் சோதிக்கலாம். நோயுற்ற இலையை அரைத்துச் சாறெடுத்து, அதில் நுண்ணிய உராய்வுத் தூளைக் கலந்து, முதுகில் மாட்டும் விசைத்தெளிப்பானால் பயிர்மேல் அடிக்கிறார்கள். தூள் இலையில் கீறலிட, அதன் வழியே வைரஸ் உள்ளே போகும். பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண்: 1 என்றால் நோயில்லை, 9 என்றால் செத்த பயிர். இப்படித் தேடியதில் நல்ல எதிர்ப்புத்திறனோடு கிடைத்தவற்றில் தாய்லாந்தின் கசேட்சார்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய கேஎஸ்23 என்ற மக்காச்சோள மரபு வரிசைகள் முக்கியமானவை. அந்தக் குணத்தை ஆப்பிரிக்க ரகங்களுக்குள் கொண்டுவரும் வேலைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

தெற்கே ஜிம்பாப்வேயின் மசோவேயில் ஒரு தனிமைப்படுத்தல் பண்ணை இருக்கிறது. நோய் விதை வழியாகவும் பரவும் என்பதால், ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளுக்குப் போகும் ஆராய்ச்சி விதையை அங்கே முளைக்கவைத்து, நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே வெளியே விடுவார்கள்.

சரி, இவ்வளவும் உழவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம் இதுதான். நல்ல ரகம் தயாரானாலும் ஒவ்வொரு நாடும் தனித்தனியாகச் சோதித்து அனுமதி தருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பழைய ரகங்கள் எவ்வளவு காலம் வயலில் தங்கிவிடுகின்றன பாருங்கள்: 1986இல் வந்த எச்614 ரகத்தை கென்ய உழவர்கள் பல பத்தாண்டுகள் விடாமல் விதைத்தார்கள். இரண்டு உறுப்பு நாடுகளில் அனுமதி பெற்ற ரகத்தை மற்ற உறுப்பு நாடுகளிலும் விற்கலாம் என்று கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் வணிகக் கூட்டமைப்பான கொமேசா 2014இல் விதி கொண்டுவந்தது. அருமையான விதி. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் விதைச் சட்டத்தை அதற்கேற்ப மாற்றினால்தான் அது நடைமுறைக்கு வரும். ஆராய்ச்சிக்குத் தரும் பணத்தோடு இந்த வேலைக்கும் அரசுகள் அதே அக்கறையைக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.