ஏணிகளில் ஏறும் அருவிப் பாதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வியன்னாவில் வேலை பார்க்கும் என் மகளைக் காண வரும் செப்டம்பரில் செல்கிறேன். ஸ்லோவாக்கியாவில் அருவிகளை ஒட்டி ஏணிகளில் ஏறிச் செல்லும் மலையிடுக்கு ஒன்றுக்கு என்னை அழைத்துப் போக அவள் ஆசைப்படுகிறாள். எனக்கு 54 வயது. வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். ஆனால் செங்குத்தான ஏணி என்று நினைத்தாலே கால் நடுங்குகிறது. கூட்டமும் எனக்கு ஒத்துவராது. நான் போகலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போகலாம். மகளே கூப்பிடும்போது தட்டிக்கழிக்க வேண்டாம் என்றும் சொல்வேன். எந்த இடுக்கில் ஏறுவது, எந்த நேரத்தில் ஏறுவது என்ற இரண்டையும் மட்டும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் சொல்வது கிழக்கு ஸ்லோவாக்கியாவில் உள்ள ஸ்லோவென்ஸ்கி ராய் தேசியப் பூங்காவாக இருக்க வேண்டும். ‘ஸ்லோவாக்கியச் சொர்க்கம்’ என்று பொருள்படும் அந்தப் பெயர் 1921-இல்தான் வழக்கத்துக்கு வந்தது. 1964-இல் பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதியாகவும் 1988-இல் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல்லாலான ஒரு மேட்டுநிலத்திலிருந்து ஹோர்நாட் ஆற்றை நோக்கி இறங்கும் ஓடைகள், காலங்காலமாகப் பாறையை அறுத்து, வெயில் எட்டிப்பார்க்காத ஒடுங்கிய இடுக்குகளை அங்கே உண்டாக்கியிருக்கின்றன. கால் வைக்கத் தரையே இல்லாத இடங்களில், மரச்சட்டங்களால் ஆன ஏணிகளை ஓடையின் மேல் படுக்கவைத்தும், அருவியின் பக்கத்தில் இரும்பு ஏணிகளை நிமிர்த்தியும், பாறையில் சங்கிலிகளையும் இரும்புத் தட்டுகளையும் பதித்தும் பாதை அமைத்திருக்கிறார்கள்.

பெரும்பாலோர் செல்வது சுஹா பெலா என்ற இடுக்குக்கு. பொத்லெசோக் என்ற இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கியவுடனேயே அதன் வாயில் வந்துவிடும் என்பதால், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏணியின் அடியில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ‘சுஹா’ என்றால் வறண்டது என்று பொருள். தண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் பிளவுகளுக்குள் இறங்கிவிடுவதால், கோடையில் கீழ்ப்பகுதி வெறும் கூழாங்கல் படுகையாகக் கிடப்பதும் உண்டு. கூட்டம் பிடிக்காத உங்களுக்கு நான் சொல்வது பியெட்ஸ்கி. அதே பொத்லெசோக்கிலிருந்து பீலா என்ற இடம் வரை காட்டோரமாகச் சிறிது தூரம் நடந்து போய்த்தான் அதற்குள் நுழைய முடியும். அந்தச் சிறிது தூரமே பாதிப் பேரைத் தடுத்துவிடுகிறது. நான் சென்றது செப்டம்பர் மாதத்து வார நாள் ஒன்றின் காலையில். மேலே போய்ச் சேரும்வரை நான்கு பேரைத்தான் கண்டேன், தண்ணீரின் ஓசையைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை.

இனி ஏணியைப் பற்றி. பியெட்ஸ்கியில் உள்ள பெரிய அருவி ஏறத்தாழ 13 மீட்டர் உயரம், அதாவது நான்கு மாடி. அதன் பக்கத்திலேயே ஏணி நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது வயிற்றைக் கலக்குவது உண்மைதான். ஆனால் ஏறத் தொடங்கியபின் கண்ணுக்கு எதிரே இருப்பது பாசி படிந்த பாறையும் அடுத்த படியும் மட்டுமே. கைக்குப் படும் இரும்பு சில்லென்று ஈரமாக இருக்கும். சாரல் ஒரு பக்கக் கன்னத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். கட்டைவிரல் படியின் அடிப்பக்கமாகச் சுற்றி வரும்படி இறுகப் பிடியுங்கள். பாதத்தைப் படியில் உறுதியாகப் பதித்து வையுங்கள். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் எப்போதும் மூன்று பிடிமானத்தில் இருக்க, ஒன்று மட்டுமே நகர வேண்டும். முன்னால் ஏறுபவர் ஏணியை விட்டு முழுமையாக வெளியேறிய பிறகே நீங்கள் அடியெடுத்து வையுங்கள். உண்மையில் எனக்குத் தடுமாற்றம் வந்தது ஏணியில் அல்ல. ஏணி முடிந்து பாறைக்கு மாறும் அந்த ஓரடியில்தான், மேலே வந்துவிட்டோம் என்ற நினைப்பில் கையைச் சீக்கிரம் விட்டுவிட்டேன். சங்கிலி அங்கேயும் இருக்கிறது. அதைப் பிடித்தபடியே இரண்டு மூன்று அடி உள்ளே நடந்த பிறகு நிமிருங்கள்.

வெள்ளியங்கிரிப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் ஊரிலேயே விட்டுவிட வேண்டும். அங்கே மூங்கில் தடி இல்லாமல் ஏறுவதே கடினம். இங்கே தடி பெரும் இடைஞ்சல், ஏனென்றால் இரண்டு கைகளும் காலியாக இருந்தாக வேண்டும். தண்ணீர்ப் புட்டி, கைப்பேசி எல்லாம் முதுகுப்பைக்குள் போகட்டும். அடிப்பகுதி ஆழமாக வெட்டப்பட்ட ரப்பர் காலணி கட்டாயம் வேண்டும்.

மிக முக்கியமான செய்தி, இந்த இடுக்குகளில் ஏற மட்டுமே அனுமதி. திரும்பி இறங்கக் கூடாது. ஒற்றை ஆள் ஏணியில் இரு திசையிலும் ஆட்கள் வந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே பாதி வழியில் மனம் மாறினால் உங்களுக்கும் சங்கடம், பின்னால் வருபவர்களுக்கும் ஆபத்து. முடிவை நுழைவாயிலிலேயே எடுத்துவிடுங்கள். முந்தைய இரவு கனமழை பெய்திருந்தாலோ, ஓடை கலங்கி வேகமாக வந்தாலோ அன்று வேண்டாம். அப்படி ஒரு நாள் அமைந்துவிட்டால், ஏணியே இல்லாத தொமாஷோவ்ஸ்கி வீஹ்லட் என்ற பாறை முனைக்குப் போங்கள். 667 மீட்டர் உயரத்தில் இருக்கும் அங்கிருந்து ஹோர்நாட் பள்ளத்தாக்கும், தெளிவான நாளில் தொலைவில் தாத்ரா மலைத்தொடரும் தெரியும்.

பியெட்ஸ்கியில் மேலே ஏற ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். பிறகு அகலமான காட்டுப்பாதை வழியாக க்ளாஷ்டொரிஸ்கோ என்ற வெட்டவெளிக்கு வந்து, அங்கிருந்து பொத்லெசோக்குக்கு இறங்கிவிடலாம். 1241–42-இல் மங்கோலியர் படையெடுத்தபோது சுற்றுவட்டார மக்கள் ஒளிந்து உயிர் தப்பிய இடம் க்ளாஷ்டொரிஸ்கோ. அந்த நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கார்த்தூசியர் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடத்தின் இடிபாடுகளை இன்றும் காணலாம். உணவு விடுதியும் அங்கே இருக்கிறது. வழிக்குறிகளைப் பற்றிக் கவலை வேண்டாம்: இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு வண்ணக் கோடு என்று மரங்களில் தீட்டியிருப்பார்கள், கைகாட்டிப் பலகைகளில் நடக்கும் நேரமே எழுதப்பட்டிருக்கும்.

வியன்னாவிலிருந்து ப்ராட்டிஸ்லாவா ரயிலில் ஒரு மணி நேரம், அங்கிருந்து பூங்காவுக்கு அருகிலுள்ள போப்ராட் நகரம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். முந்தைய நாளே போய்த் தங்குங்கள்.

கேள்வி: அந்த அருவிகளில் நம் குற்றாலத்தைப் போலக் குளிக்க முடியுமா?
– வாசகி, தென்காசி

பதில்: இல்லை. ஐந்தருவியின் கீழே நிற்பதற்கென்று அமைந்த தளம் அங்கே கிடையாது. அருவி விழும் இடத்திலேயே பாதையும் ஏணியும் இருப்பதால், ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் வருபவர்கள் அனைவரும் நிற்க வேண்டும். தண்ணீர் கோடையிலும் விரல் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். குளிர்காலத்தில் இதே அருவிகள் உறைந்து பனித்தூண்களாக நிற்க, காலணியில் இரும்பு முட்கள் பொருத்திக்கொண்டு அவற்றைக் காண வருபவர்களும் உண்டு. சாரலில் நனைவதோடு நிறைவடையுங்கள். மாற்றுக் காலுறை ஒரு சோடி எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறோம். எட்டு வயது மகளை அங்கே அழைத்துச் செல்லலாமா? கயிறு, கவசம் எல்லாம் வேண்டுமா? விபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது?
– வாசகர், மியூனிக்

பதில்: பியெட்ஸ்கி, சுஹா பெலா இரண்டிலும் கயிறு கட்டாயமில்லை. கிசெல் இடுக்கு வேறு வகை. 1976-இல் நேர்ந்த காட்டுத்தீக்குப் பின் நெடுங்காலம் மூடப்பட்டிருந்து, 2016-இல் இரும்புக் கயிறு பதித்த ஏறுபாதையாகத் திறக்கப்பட்டது. இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் இல்லாமல் அங்கே போகக் கூடாது. முதல் பயணத்தில் குழந்தையுடன் கிசெல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மற்ற இரண்டிலும்கூட, உயரத்தைக் கண்டு உங்கள் மகள் மகிழ்கிறாளா, அஞ்சுகிறாளா என்பதைப் பாருங்கள். அஞ்சும் பிள்ளையை ஊக்கப்படுத்தி ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டாயமில்லாவிட்டாலும், குழந்தைக்கு இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் அணிவிப்பது நல்லது.

ஸ்லோவாக்கியாவில் மலை மீட்புப் பணிக்கான செலவை மீட்கப்பட்டவரே ஏற்க வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. உங்கள் மருத்துவக் காப்பீட்டில் மலை மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீட்டை வைத்திருப்பவர்களும் இதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். மலை மீட்புப் படையின் எண் 18300. பொது அவசர எண் 112. இடுக்கின் ஆழத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், எந்த வழியாக ஏறி எந்த வழியாக எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

முன்னால் ஏறுபவர் வெளியேறும்வரை காத்திருங்கள் என்று மேலே சொன்னது பெரியவர்களுக்கு; குழந்தையோடு ஏறும்போது ஏணியில் மகள் முன்னால் ஏறட்டும். நீங்கள் இரண்டு படிகள் கீழே, அவளுடைய இரண்டு பக்கமும் உங்கள் கைகள் வரும்படி, அவளோடு ஒட்டியே ஏறுங்கள். பெரியவர்களின் அளவுக்கு அமைந்த படிகள் என்பதால் ஒவ்வொரு முறையும் அவள் காலை உயரத் தூக்க வேண்டியிருக்கும். “கால் பதிந்துவிட்டது” என்று அவள் வாய்விட்டுச் சொன்ன பிறகே அடுத்த கையை எடுக்கப் பழக்குங்கள்.