கட்டுரைத் தொகுப்பை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: வேதியியலில் இளங்கலை முடித்துவிட்டு, முதுகலைக்கு இலக்கியம் எடுத்திருக்கிறேன். முதல் பருவத்துக்கு 'கிரிட்டிகல் டேர்ம்ஸ் ஃபார் லிட்ரரி ஸ்டடி' என்ற கட்டுரைத் தொகுப்பைப் படித்து வரச் சொன்னார்கள். முதல் கட்டுரையிலிருந்து வரிசையாகப் படித்தேன். மூன்றாவதைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு மொழி வைத்துக்கொண்டு பேசுவது போலிருக்கிறது. இதற்குப் பதிலாக ஒரே ஆசிரியர் எழுதிய அறிமுக நூல் ஒன்றைப் படிக்கலாமா? நூலகத்தில் இருப்பது பழைய பதிப்பு, அது போதுமா? குறிப்பு எப்படி எடுப்பது? என் கட்டுரையில் இதை எப்படி மேற்கோள் காட்டுவது?

பதில்: மூன்றாவது கட்டுரையில் நின்றுவிட்டதற்கு உங்கள் வேதியியல் பட்டம் காரணமில்லை. அந்தத் தொகுப்பின் முதல் மூன்று கட்டுரைகள் பிரதிநிதித்துவம், அமைப்பு, எழுத்து என்ற மூன்று சொற்களைப் பற்றியவை. மூன்றாவதான 'எழுத்து', பார்த், லக்கான், டெரிடா ஆகிய பிரெஞ்சுச் சிந்தனையாளர்களின் கருத்துகளை ஒரு சில பக்கங்களில் சொல்லிச் செல்கிறது. இலக்கியத்திலேயே இளங்கலை முடித்தவர்களும் அங்கே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அங்கிருந்து தொடங்கியிருக்கவே வேண்டாம்.

வேதியியல் பாடநூலில் இரண்டாம் பாடம் முதல் பாடத்தின் மேல் நிற்கும். அந்தப் பழக்கத்தில் இதையும் வரிசையாகப் படித்திருக்கிறீர்கள். ஆனால் இந்தக் கட்டுரைகள் ஒன்றன் மேல் ஒன்று கட்டியவை இல்லை. எழுதியவர்கள் ஒருவரோடு ஒருவர் உடன்படுவதும் இல்லை, அவர்களை உடன்பட வைக்கத் தொகுப்பாசிரியர்கள் முயலவும் இல்லை. ஒரே குறளுக்கு மணக்குடவர் ஒரு பொருளும் பரிமேலழகர் வேறொரு பொருளும் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'என்பாரும் உளர்' என்று பிறர் கருத்தைச் சுட்டிவிட்டு உரையாசிரியர் தன் வழியில் போவார். எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இவர் இப்படிப் பொருள் கொள்கிறார், அவர் அப்படிக் கொள்கிறார் என்று பார்ப்பதுதான் உரை படிப்பதன் பயன். கட்டுரைத் தொகுப்பையும் அப்படித்தான் படிக்க வேண்டும். 'இலக்கியம் பற்றிய உண்மை எந்தக் கட்டுரையில் இருக்கிறது?' என்று தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். 'இவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?' என்று கேட்டுப் பாருங்கள், புத்தகம் திறந்துகொள்ளும்.

கையில் இருப்பது எந்த வகைத் தொகுப்பு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மாணவர்களுக்கென்றே தலைப்புக் கொடுத்துப் புதிதாக எழுதி வாங்கிய கட்டுரைகள் ஒரு வகை. உங்களுடையது அதுதான். கேம்பிரிட்ஜ் கம்பேனியன் வரிசை நூல்களும் பெரும்பாலும் அப்படியே. இன்னொரு வகையில், ஏற்கெனவே வேறெங்கோ வெளிவந்து புகழ்பெற்ற கட்டுரைகளை எடுத்துக் கோத்திருப்பார்கள். டேவிட் லாட்ஜ் 1988-ல் தொகுத்த 'மாடர்ன் கிரிட்டிசிசம் அண்ட் தியரி', 2001-ல் வந்த கனமான 'நார்ட்டன் ஆந்தாலஜி ஆஃப் தியரி அண்ட் கிரிட்டிசிசம்' இரண்டும் இந்த வகை. ஒரே ஒரு நாவலையோ நாடகத்தையோ பற்றிப் பலர் எழுதியவற்றைச் சேர்ப்பது மூன்றாவது வகை. இந்தப் பிரிவை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. முதல் வகைக் கட்டுரையை எழுதியவர் உங்களை மனத்தில் வைத்து எழுதினார். இரண்டாம் வகையில் உள்ளவர் உங்களுக்காக எழுதவில்லை. தன் காலத்து அறிஞர்களோடு நடந்த வாதத்தின் நடுவில் பேசிக்கொண்டிருக்கிறார். பல சமயம் அந்தக் கட்டுரையைச் சுருக்கியும் போட்டிருப்பார்கள். அது புரியவில்லை என்றால், வாதத்தின் முன்பாதி உங்கள் கையில் இல்லை என்றுதான் பொருள்.

சரி, எங்கே தொடங்குவது? தொகுப்பாசிரியர் முன்னுரையை முதலில் படியுங்கள், நாலைந்து கட்டுரைகள் முடித்த பிறகு மறுபடியும் ஒருமுறை படியுங்கள். முதல் தடவை வெறும் பெயர்ப்பட்டியலாகத் தெரிந்த பகுதி இரண்டாம் தடவை பொருளோடு தெரியும். அடுத்து, உங்கள் தொகுப்பில் ஸ்டீவன் கிரீன்பிளாட் எழுதிய 'பண்பாடு' என்ற கட்டுரைக்குப் போங்கள். சின்னக் கட்டுரை, தெளிவான நடை. பண்பாடு மனிதர்களைக் கட்டுப்படுத்துகிறது, அதே சமயம் அசைய இடமும் தருகிறது என்று சொல்லிவிட்டு, ஒரு படைப்பை எடுத்தால் என்னென்ன கேட்கலாம் என்று சில கேள்விகளையே வரிசையாகக் கொடுக்கிறார். இந்தப் படைப்பு எப்படிப்பட்ட நடத்தையை மெச்சுகிறது? அந்தக் காலத்து வாசகரை இது ஏன் ஈர்த்தது? இதன் மதிப்பீடுகளுக்கும் என் மதிப்பீடுகளுக்கும் எங்கே இடைவெளி விழுகிறது? இதனால் யாருடைய சுதந்திரம் குறுகுகிறது? இந்தக் கேள்விகளை நீங்கள் ஏற்கெனவே படித்து ரசித்த ஒரு கதையின் மேல் அன்றைக்கே வைத்துப் பாருங்கள். கோட்பாடு என்றால் என்ன வேலை செய்யும் என்பது அங்கேயே பிடிபட்டுவிடும். பிறகு 'ஆசிரியர்', 'கதையாடல்', 'உருவக மொழி' என்று உங்களுக்குப் பழக்கமான சொற்கள் தலைப்பாக உள்ளவற்றுக்குப் போகலாம். அந்த முதல் மூன்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒரு பழக்கம் உண்டு. கட்டுரைகளைத் தனித்தனியாகப் படிக்காமல் சோடியாகப் படிப்பது. எழுதப்பட்ட ஆண்டு வரிசையில் வைத்துப் படித்தால் இன்னும் நல்லது. 'ஆசிரியர்' என்ற விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். கவிஞனின் சொந்த ஆளுமையிலிருந்து கவிதையைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி டி. எஸ். எலியட் 1919-ல் எழுதினார். 1946-ல் அமெரிக்கர்களான விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் ஒரு படி மேலே போய், ஆசிரியர் என்ன நினைத்து எழுதினார் என்பது படைப்பை மதிப்பிடும் அளவுகோல் ஆகாது என்று வாதிட்டார்கள். 1967-ல் ரோலான் பார்த் 'ஆசிரியரின் மரணம்' எழுதினார். பொருளை முடித்து வைக்கும் அதிகாரத்தை ஆசிரியரிடமிருந்து பிடுங்கி வாசகரிடம் கொடுக்கிறது அது. 1969-ல் மிஷெல் ஃபூக்கோ ஒரு சொற்பொழிவில் கேள்வியையே மாற்றிப் போட்டார். ஆசிரியர் இறந்துவிட்டார் என்று அறிவித்தால் மட்டும் போதுமா, ஆசிரியர் என்ற பெயர் நம் சமூகத்தில் என்ன வேலை செய்கிறது, எந்த வகை எழுத்துக்கு அந்தப் பெயர் தேவைப்படுகிறது, எதற்குத் தேவைப்படுவதில்லை என்று கேட்டார்.

நான்கையும் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லோரும் 'ஆசிரியரை விட்டுவிடு' என்று ஒரே விஷயத்தைச் சொல்வது போலத் தோன்றும். பல தேர்வுத் தாள்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள், அது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனென்றால் காரணங்கள் முழுக்க வேறு. விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் ஆசிரியரை ஒதுக்குவது கவிதையைப் பொதுவில் வைத்து, எல்லோரும் சரிபார்க்கக்கூடிய ஒரு பொருளாக நிறுத்துவதற்காக. பார்த் ஒதுக்குவது அப்படி ஒரு நிலையான பொருள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதற்காக. ஒரே முடிவு போலத் தெரிவதற்குப் பின்னால் இரண்டு எதிரெதிர்த் திசைகள். இந்த வேறுபாட்டை நீங்களே கண்டுபிடிக்கும் நாளில் இலக்கியத் திறனாய்வுக்குள் வந்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

ஒரே கட்டுரை இரண்டு தொகுப்புகளில் இரண்டு வடிவத்தில் இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். ஃபூக்கோ பின்னால் அமெரிக்காவில் பேசுவதற்காக அந்தச் சொற்பொழிவைத் திருத்தினார், அதன் முடிவுப் பகுதி மாறியது. சில தொகுப்புகள் முதல் வடிவத்தைத் தருகின்றன, சில திருத்திய வடிவத்தை. ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலைப் பற்றி நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975-ல் பேசி 1977-ல் அச்சான கட்டுரையும் இப்படித்தான். கான்ராடை இனவெறியர் என்று சொன்ன இடத்தில் முதலில் இருந்த கடுமையான அடைமொழி பிந்தைய வடிவத்தில் மாற்றப்பட்டது. குற்றச்சாட்டு அப்படியே நின்றது. எந்த வடிவத்தைப் படிக்கிறோம் என்று பார்க்காமல் வகுப்பில் விவாதித்தால் ஆளுக்கொரு வரியைக் காட்டிக்கொண்டிருப்போம். கட்டுரையின் முதல் பக்கத்திலோ நூலின் நன்றிப் பக்கத்திலோ அது எங்கே, எந்த ஆண்டு முதலில் வந்தது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எல்லோரும் புரட்டிவிட்டுப் போகும் பக்கம் அது. நீங்கள் அதை முதலில் படியுங்கள்.

அச்செபேயின் கட்டுரையைப் பற்றி இன்னொன்று. முதலில் நாவலைப் படித்துவிடுங்கள், அப்புறம் கட்டுரைக்கு வாருங்கள், அதன் பிறகு கான்ராடுக்கு ஆதரவாக வாதிடும் ஒரு கட்டுரையைத் தேடிப் படியுங்கள். நாவலைத் தொடாமல் திறனாய்வை மட்டும் படிப்பவருக்கு அடுத்தவர் தீர்ப்பு மனப்பாடமாகும், தன் தீர்ப்பு உருவாகாது. ஒரு படைப்பைப் பற்றிய தொகுப்புகள் எதற்கும் இது பொருந்தும்.

பழைய பதிப்பு போதுமா என்றால், உங்கள் நூலுக்குப் பெரும்பாலும் போதும். 1990-ல் வந்த முதல் பதிப்பில் 22 கட்டுரைகள். 1995-ல் வந்த இரண்டாம் பதிப்பில் வெகுமக்கள் பண்பாடு, பன்மை, ஏகாதிபத்தியமும் தேசியமும், விழைவு, அறம், வர்க்கம் என்று ஆறு சேர்ந்தன. பாடத்திட்டத்தில் இந்த ஆறில் ஏதாவது இருந்தால் அதை மட்டும் தேடிப் பிடித்தால் சரி. ஆனால் பழைய தொகுப்பைக் குறைபாடுள்ள பொருளாக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் 1963-ல் மாணவர்களுக்காக ஓர் அறிமுகத் தொகுப்பு வெளியிட்டது. அதில் நான்கே கட்டுரைகள்: மொழியியல், மூலபாட ஆய்வு, இலக்கிய வரலாறு, இலக்கியத் திறனாய்வு. அதே சங்கத்தின் 1992-ஆம் ஆண்டுத் தொகுப்பில் பெண்ணியம், சிறுபான்மை இலக்கியம், பண்பாட்டு ஆய்வு எல்லாம் தனித்தனிக் கட்டுரைகளாக வந்துவிட்டன. இரண்டின் பொருளடக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே முப்பது ஆண்டில் இந்தத் துறை எங்கிருந்து எங்கே வந்தது என்று தெரிகிறது. இன்று வரும் தொகுப்புகளும் அப்படி ஒரு காலத்தின் பதிவுகள்தான். இன்னும் முப்பது ஆண்டு கழித்துப் பொருளடக்கம் மாறும்.

ஒரே ஆசிரியர் எழுதிய அறிமுக நூல் கூடவே வைத்துக்கொள்ளலாம், தொகுப்புக்கு மாற்றாக வேண்டாம். டெரி ஈகிள்டனின் 1983-ஆம் ஆண்டு நூல் விறுவிறுப்பானது, ஆனால் அது மார்க்சியப் பார்வையில் ஒரு கட்சி எடுத்து வாதாடும் நூல். நடுநிலையான அறிமுகம் என்று நினைத்துப் படித்தால் அவர் கட்சியிலேயே சேர்ந்துவிடுவீர்கள். பீட்டர் பாரியின் 1995-ஆம் ஆண்டு நூல் கோட்பாடுகளைப் பெண்ணியம், மார்க்சியம் என்று சிந்தனைப் பள்ளிகளாகப் பிரித்துச் சொல்கிறது. தேர்வுக்கு உதவும். ஆனால் அதை மட்டும் படித்தவர்கள் 'பெண்ணிய நோக்கில்', 'மார்க்சிய நோக்கில்' என்று ஒரு அச்சை எடுத்து எந்தப் படைப்பின் மேலும் அழுத்திவிடுகிறார்கள். என்னிடம் கேட்டால் ஜோனதன் கல்லரின் 1997-ஆம் ஆண்டுச் சிறு நூலைச் சொல்வேன். பள்ளிகளின் பெயரை விட்டுவிட்டு, இலக்கியம் என்றால் என்ன, பொருள் எங்கிருந்து வருகிறது, கதையாடல் எப்படி இயங்குகிறது என்று கேள்விகளின் வழியே அது போகிறது. தொகுப்பில் ஒரு கட்டுரை முரண்டு பிடிக்கும்போது அதே விஷயத்தைக் கல்லரில் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

குறிப்பு எடுப்பதற்கு அதிகம் வேண்டாம். ஒரு கட்டுரைக்கு அரைப் பக்கம். அவர் எழுப்பும் கேள்வி, யாரை மறுக்கிறார், எந்தப் படைப்பை எடுத்துக்காட்டாக வைத்து நிறுவுகிறார், எந்த இடத்தில் உங்களுக்கு ஒப்புதல் இல்லை. நான்காவதைக் காலியாக விடாதீர்கள். வகுப்புக்கு எழுதப்போகும் கட்டுரை பெரும்பாலும் அந்த வரியிலிருந்துதான் முளைக்கும். கட்டுரையின் சாரத்தைச் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். அவர்கள் சொல்லையே திருப்பி எழுதினால் புரிந்துவிட்டது போன்ற மயக்கம் வரும்.

மேற்கோள் விஷயத்தில் மாணவர்கள் அடிக்கடி தவறுவது ஒரே இடத்தில். தொகுப்பாசிரியர் பெயரைப் போட்டு, கட்டுரை எழுதியவரை விட்டுவிடுகிறார்கள். கருத்து கிரீன்பிளாட்டுடையது என்றால் உங்கள் வாக்கியத்தில் கிரீன்பிளாட் பெயர்தான் வர வேண்டும். நூற்பட்டியலில் முதலில் அவர் பெயரும் கட்டுரைத் தலைப்பும், அதன் பிறகு தொகுப்பின் பெயர், தொகுத்த லென்ட்ரிக்கியா, மெக்லாக்லின் இருவர் பெயர், பதிப்பு, ஆண்டு, கட்டுரை தொடங்கி முடியும் பக்க எண்கள். மறுபதிப்பாக வந்த கட்டுரை என்றால் முதலில் வெளிவந்த ஆண்டையும் சேர்த்துக் கொடுங்கள். 1946-ல் எழுதியதை 2001-ஆம் ஆண்டுக் கருத்து போலக் காட்டினால் உங்கள் வாதத்தின் கால வரிசையே குலைந்துவிடும். இன்னொருவர் கட்டுரைக்குள் மேற்கோளாக வந்த பார்த்தின் வரியை எடுப்பதாக இருந்தால், பார்த்தின் மூலக் கட்டுரைக்கே போய் அந்த வரிக்கு முன்னும் பின்னும் உள்ள பத்திகளைப் படித்துவிட்டு எடுங்கள். அந்தக் கட்டுரை நீளமானதில்லை, ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.