துவக்குக் குழல் தேய்ந்ததா, குளிரில் வேகம் குறைந்ததா?

கேள்வி: என் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். முறைப்படி லைசன்ஸ் எடுத்து, சனி ஞாயிறுகளில் இலக்குச் சுடும் கிளப்புக்குப் போவான். துவக்கு 6.5 கிரீட்மூர் வகை ரவைக்கானது, ரவைகளை வீட்டிலேயே தானே நிரப்புகிறான். போன ஜூலையில் சன்னத்தின் வேகம் விநாடிக்கு 2,740 அடி இருந்ததாம். இந்த பெப்ரவரியில் அதே அளவு மருந்து போட்டும் 2,675 அடிதானாம். இதுவரை 1,900 ரவை சுட்டிருக்கிறான். குழல் முடிந்துவிட்டது, புதுசு போடவேண்டும் என்று கடைக்காரர் சொல்ல, அவன் என்னிடம் அரைவாசிக் காசு கேட்கிறான். கொடுக்கலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: அக்கா, இந்தப் பத்திக்கு வழக்கமாக வருவது ஃபிரிட்ஜும் வாட்டர் மோட்டரும்தான், துவக்குக் கேள்வி வந்தது இதுதான் முதல் தடவை. காசை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். தம்பி பொய் சொல்கிறான் என்பதற்காக அல்ல. ஜூலையில் அளந்ததையும் பெப்ரவரியில் அளந்ததையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்துப் பார்க்கிறான், பிழை அங்கேதான்.

வெடிமருந்து குளிரில் மெதுவாக எரியும். எவ்வளவு மெதுவாக என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். வெப்பநிலைக்கு அசையாதபடி செய்த மருந்துகளும் விற்கிறார்கள், ஆனால் சாதாரண மருந்துகள் சிலதில் ஒரு பாகை ஃபாரன்ஹைட் இறங்கினால் ஏறக்குறைய ஒரு அடி வேகம் போய்விடும். ரொறன்ரோ கோடையில் 28 பாகை செல்சியஸ், பெப்ரவரியில் மைனஸ் 10 என்று வையுங்கள், வித்தியாசம் 38 செல்சியஸ், அதாவது 68 ஃபாரன்ஹைட். தம்பி தொலைத்த 65 அடியும் அதிலேயே அடங்கிவிடலாம். குழல் பாவம், அது ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கலாம்.

ஆனாலும் குழல் தேயாது என்று நான் சொல்லவரவில்லை. தேயும், அதுவும் நாம் நினைக்கிற மாதிரி சன்னம் உரசி உரசி அல்ல. மருந்தை அடக்கிச் சன்னத்தைப் பிடித்திருக்கும் கோது உட்காரும் அறை முடிந்து, சன்னத்தைச் சுழலவைக்கிற உட்பக்க வரிகளான புரி தொடங்குகிற இடத்தைத் தொண்டை என்பார்கள், அந்த ஓரிரு அங்குலத்தில்தான் முக்கால்வாசி அழிவும் நடக்கும். கார் ரயருக்கு 32 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம் அல்லவா, 6.5 கிரீட்மூருக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ. மருந்து எரிந்து வரும் வாயுவின் சூடு உருக்கு உருகும் 1,500 பாகை செல்சியஸை எங்கேயோ தாண்டி நிற்கும். ஒவ்வொரு வெடிக்கும் உலோகத்தின் மேற்தோல் சூடாகி விரிந்து, குளிர்ந்து சுருங்கி, கடைசியில் வற்றிய குளத்துச் சேறு மாதிரி வெடிப்பு விழுந்து, துணுக்குத் துணுக்காகக் கழன்று போகும். ஒரு சன்னம் குழலுக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், ஆகவே தம்பியின் குழல் இதுவரை வேலை செய்த மொத்த நேரத்தைக் கூட்டினாலும் மூன்று விநாடி வராது. இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

தொண்டை அரிக்க அரிக்கப் புரியின் தொடக்கம் முன்னால் தள்ளிப்போகும். சன்னம் கோதிலிருந்து கிளம்பிப் புரியைப் பிடிக்கும்வரை பாயவேண்டிய தூரம் கூடும், அந்த இடைவெளியில் கொஞ்ச வாயு பக்கவாட்டில் நழுவும், அழுத்தம் குறையும், வேகமும் குறையும். ஆகவே கடைக்காரர் சொன்னது நடக்கவே நடக்காத விஷயம் அல்ல. 6.5 கிரீட்மூர் குழல் 2,000 முதல் 3,000 ரவை தாங்கும் என்பதுதான் சுடுபவர்களிடையே உள்ள பொதுவான கணக்கு. அடுத்தடுத்துச் சுட்டுக் குழலைக் கொதிக்கவிடுகிறவனுக்கு அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். தம்பி 1,900இல் நிற்கிறான், சந்தேகப்படுகிற வயதுதான்.

எனக்கு இதில் ஒரு சூடுபட்ட அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என் பழைய வேன் மேட்டில் இழுக்கவில்லை. கராஜ்காரர் ஒருவர் பொனட்டைத் திறந்து ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை, 'எஞ்ஜின் இறக்கவேண்டும்' என்றார். பஞ்சிகாவத்தையில் பிஸ்டன் ரிங் விலை விசாரித்துத் திரிந்தேன். கடைசியில் பார்த்தால் ஏர் ஃபில்டர் தூசியால் அடைபட்டிருந்தது. பெரிய சாமானை விற்கிறவர் பெரிய சாமானில்தான் பழுது காண்பார், ரொறன்ரோவிலும் அப்படித்தான் இருக்கும்.

தம்பியிடம் கேட்கவேண்டியவை இவை. வேகம் அளந்த குரோனோகிராஃப் இரண்டு தடவையும் ஒன்றேதானா? வெளிச்சத்தை வைத்து அளக்கும் பழைய வகை, மேகமூட்டத்துக்கும் வெயிலுக்கும் வேறு வேறு எண் காட்டும், ரேடார் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. மருந்து அதே போத்தலா, இல்லை அதே பெயரில் புதுப் போத்தலா? ஒரே பெயர் என்றாலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் வேகம் மாறும், கோதின் பிராண்ட் மாறினாலும் உள் கொள்ளளவு மாறி வேகமும் மாறும். மூடி சரியாக மூடாமல் கிடந்ததா? மருந்து ஈரம் குடித்தால் மெதுவாகும், காய்ந்தால் வேகம் கூடும், டப்பாவைத் திறந்து வைத்த கிரீம் கிரேக்கர் நம் கொழும்பு ஈரக்காற்றில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை ரவை சுட்டுச் சராசரி எடுத்தான்? மூன்று சுட்டு எடுத்த சராசரி எனக்கு வேண்டாம், குறைந்தது பத்து வேண்டும்.

எல்லாம் ஒன்றுதான் என்றால், குழலை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, வெயில் வந்த பிறகு அதே சாமான்களோடு இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்கள். துவக்கு வாங்கிய புதிதில் சன்னம் எந்த நீளத்தில் புரியைத் தொட்டது என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது, இப்போதைய அளவோடு ஒப்பிட்டாலே தொண்டை எவ்வளவு தேய்ந்தது என்று தெரிந்துவிடும். மலிவான போர்ஸ்கோப் கமராவை உள்ளே விட்டுப் பார்த்து மட்டும் பயப்படவேண்டாம், நன்றாகச் சுடுகிற குழலும் அதில் கோரமாகத்தான் தெரியும். தீர்ப்புச் சொல்லவேண்டியது இலக்குத் தாள். ஓட்டைகள் முன்புபோல நெருக்கமாக விழுந்தால் குழலில் இன்னும் உயிர் இருக்கிறது. 1,000 யார் தூரத்தில், 65 அடி வேகம் குறைந்தால் சன்னம் முன்பைவிட ஒரு அடிக்கு மேல் கீழே விழும், போட்டிக்காரனுக்கு அது பெரிய விஷயம், அதையும் தொலைநோக்கியில் திருத்திக்கொள்ளலாம். 100 யார் தூரத்தில் சுடுகிறவனுக்கு வித்தியாசமே தெரியாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், போன வேகத்தைப் பிடிக்கிறேன் என்று மருந்தைக் கூட்டக்கூடாது. இன்று குளிரில் தேய்ந்த குழலில் பொறுத்துக்கொள்கிற அளவு, நாளை வெயிலிலோ புதுக் குழலிலோ அழுத்தத்தை எல்லை தாண்டவைக்கும். அது அவன் முகத்துக்கு நேரே நடக்கிற காரியம்.

வெயிலிலும் வேகம் திரும்பவில்லை, ஓட்டைகளும் சிதறுகின்றன என்றால் அப்போது காசு கொடுங்கள். அதுவும் கடனாக.

கேள்வி: மெல்பேர்னில் இருக்கும் மருமகன் பழைய .243 துவக்கு ஒன்று பார்த்திருக்கிறார். 'சில நூறுதான் சுட்டது' என்கிறார் விற்பவர். நம்பலாமா? – கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: ஐயா, துவக்குக்குக் கிலோமீற்றர் மீற்றர் கிடையாது. .243 என்பது .308 என்ற இன்னொரு ரவையின் கோதையே கழுத்தை நெரித்துச் சிறிய சன்னத்துக்கு ஆக்கியது, கிட்டத்தட்ட அதே அளவு மருந்து இன்னும் ஒடுக்கமான ஓட்டையால் வெளியேறவேண்டும். ஆகவே .308 குழல் 5,000 தாண்டும் என்று சொல்கிறவர்களே .243க்கு 1,500, 2,000 என்றுதான் சொல்வார்கள். வெளிப் பொலிஷைப் பார்க்காமல் தொண்டையையும் வாய் விளிம்பையும் ஆயுதத் திருத்துநரிடம் காட்டச் சொல்லுங்கள், விற்பவர் முன்னால் ஐந்து ரவை தாளில் சுட்டும் பார்க்கட்டும். விலை பேசும்போது குழல் முடிந்துவிட்டது என்று வைத்துப் பேசட்டும். சம்மதித்தால் லாபம், கோபித்தால் வேறு துவக்கு பார்க்கலாம்.

கேள்வி: கனடாவிலிருந்து வரும் பெரியம்மாவின் மகன் சுட்ட ரவைக் கோது ஒன்றைச் சாவிக்கொத்தாகச் செய்து கொண்டுவரலாமா என்று கேட்கிறான். – பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. மருந்தையும், அதைப் பற்றவைக்கும் பிரைமரையும் தனியாக எந்தப் பயணப் பொதியிலும் விமானத்தில் ஏற்றவே முடியாது. வெறும் கோதில் அவை இல்லைதான், ஆனால் ஸ்கானரில் ரவை போல ஒன்று தெரிந்தால் கட்டுநாயக்கவில் நின்று விளக்கம் சொல்லப்போவது அவன், வெளியே வேன் வாடகை ஏறிக்கொண்டு நிற்கப்போவது நீங்கள். மேப்பிள் சிரப் ஒரு போத்தல் கொண்டுவரச் சொல்லுங்கள்.