எங்கள் மெட்டல் பேண்டின் முதல் இ.பி.யை, அதாவது சில பாட்டுகள் மட்டும் உள்ள சிறு தொகுப்பை, சொந்தப் பணத்தில் பதிவு செய்யப்போகிறோம். இரண்டு நாள் ஸ்டுடியோவுக்குத்தான் பணம் இருக்கிறது. எதற்கு முதலில் செலவழிப்பது? ஒலி சுமாராக வந்தால் பெயர் கெட்டுவிடுமா?

முதலில் டிரம்ஸுக்கு. அடுத்தது ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் நால்வர் பேண்டு ஒன்றில் ரிதம் கிட்டார் வாசித்தவன். எங்கள் முதல் இ.பி.க்கு எந்த லேபிளும் (இசை வெளியீட்டு நிறுவனமும்) பணம் போடவில்லை. நாலு பேரும் மாதாமாதம் பங்கு போட்டு ஒன்றரை வருடம் சேர்த்தோம். அதுவும் இரண்டு நாளுக்குத்தான் வந்தது. அந்த இரண்டு நாளில் ஒன்றைச் சரியாகச் செய்தோம், ஒன்றைக் கோட்டைவிட்டோம்.

சரியாகச் செய்தது, முதல் நாள் முழுவதையும் டிரம்ஸுக்கே ஒதுக்கியது. கிட்டாருக்கு வேறு வழி உண்டு. கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஒரு சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமலே நேரடி சிக்னலைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். பிறகு வசதிப்படும்போது அதையே நல்ல ஆம்ப் ஒன்றுக்குள் அனுப்பி, மைக் வைத்துத் திரும்பப் பிடிக்கலாம். பேஸ் கிட்டாருக்கும் இதே வழிதான். குரலை, எதிரொலி இல்லாத ஒரு சிறிய அறையில் பொறுமையாகப் பதியலாம். கத்திப் பாடும் குரல் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதால் அதுவே நல்லதும்கூட. டிரம்ஸுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. நல்ல அறை வேண்டும், எட்டுப் பத்து மைக் வேண்டும், அத்தனையையும் ஒரே நேரத்தில் தனித்தனி டிராக்காக வாங்கிக்கொள்ளும் கருவி வேண்டும். இரண்டு காலாலும் பெரிய டிரம்மை மிதித்து வாசிக்கும் டபுள் கிக் ஓடும்போது ஒவ்வொரு மிதியும் தனியாகக் காதில் விழவேண்டும். அது குழம்பிவிட்டால் மேலே எவ்வளவு நல்ல ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) வைத்தாலும் பாட்டு சேறாகிவிடும்.

அமெரிக்க மெட்டல் பேண்டான ஸ்லேயரின் முதல் ஆல்பமான ‘ஷோ நோ மெர்சி’ 1983 டிசம்பரில் வந்தது. மெட்டல் பிளேட் லேபிளில் வெளியானாலும் பதிவுச் செலவு பேண்டுடையதுதான். பாடகர் டாம் அராயா அப்போது சுவாச சிகிச்சையாளராக வேலை பார்த்தார்; அவர் சம்பாத்தியமும், கிட்டாரிஸ்ட் கெரி கிங் தன் அப்பாவிடம் வாங்கிய கடனும்தான் முதலீடு. அந்தப் பதிவில் டிரம்மர் டேவ் லொம்பார்டோ முதலில் சிம்பல் (உலோகத் தட்டு) இல்லாமல் டிரம்ஸை மட்டும் வாசித்தார். சிம்பல்களைப் பிறகு தனியாக வாசித்துச் சேர்த்தார்கள். சிம்பலின் சத்தம் மற்ற மைக்குகளுக்குள் கசிந்து எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும் என்பதுதான் காரணம். நீங்கள் இதைச் செய்யவேண்டாம். இல்லாத சிம்பலை நினைத்துக்கொண்டு வாசிப்பது எங்கள் டிரம்மருக்குப் பத்து நிமிடம்கூட ஓடவில்லை, கை தாளத்தை விட்டுவிட்டது. சிம்பல் ஸ்டாண்டுகளை ஒரு சாண் உயர்த்தி, சிம்பலை மெல்ல, ஸ்னேர் என்ற நடு டிரம்மைப் பலமாக அடிக்கப் பழகச் சொல்லுங்கள். பாதிக் கசிவு அதிலேயே குறையும். இதை ஸ்டுடியோவில் போய்ப் பழக முடியாது. இன்றைக்கே ஆரம்பிக்கவேண்டும்.

பாட்டின் எண்ணிக்கையில் கண்டிப்பாக இருங்கள். நாங்கள் ஐந்து பாட்டோடு போனோம், தயாராக இருந்தவை மூன்றுதான். மற்ற இரண்டும் மூன்று மணி நேரத்தை விழுங்கிவிட்டன, கடைசியில் இரண்டையும் வெளியிடவும் இல்லை. தாளத்தைத் தட்டிக்காட்டும் கிளிக் டிராக் ஓட, நடுவில் நிற்காமல், தொடர்ந்து மூன்று தடவை பிசகில்லாமல் வாசிக்க முடிகிற பாட்டை மட்டும் கொண்டுபோங்கள்.

கிட்டாரில் டிஸ்டார்ஷனை (ஒலியின் கரகரப்பை) நீங்கள் பயிற்சியில் வைப்பதைவிடக் குறைத்து வையுங்கள். ஒரே ரிஃப்பை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் போடும்போது கனம் தானாகவே வந்துவிடும். ஒரே டேக்கை, அதாவது ஒரு தடவை வாசித்துப் பதிந்ததை, பிரதியெடுத்து இரண்டு பக்கமும் போட்டால் அந்த அகலம் வராது. இரண்டு தடவைக்கும் இடையே இருக்கும் மயிரிழை வித்தியாசம்தான் அதைத் தருகிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, ஒலி சுமாரானால் பெயர் கெடுமா என்பது. பிரிட்டிஷ் மெட்டல் பேண்டான அயர்ன் மெய்டன் 1978-ன் கடைசி இரண்டு நாளில் கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்பேஸ்வார்ட் ஸ்டுடியோவில் நாலு பாட்டுப் பதிந்தார்கள். நாலாவதன் தரம் பிடிக்காததால் அதை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றையும் ‘தி சவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்’ என்ற பெயரில் 1979 நவம்பரில் தாங்களே 5,000 பிரதி அச்சிட்டுத் தபாலில் விற்றார்கள். கேட்டுப்பாருங்கள், ஒலி கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் முன்னால் பாய்ந்து ஓடுவது அதிலேயே தெரிகிறது. நீல் கே என்ற டி.ஜே. இந்தப் பாட்டுகளைத் சவுண்ட்ஹவுஸ் என்ற தன் லண்டன் ராக் கிளப்பில் போட்டுப்போட்டுத்தான் அவர்களுக்குக் கூட்டம் சேர்ந்தது. பெரிய லேபிளான இ.எம்.ஐ.யின் ஒப்பந்தமும் அதன் பின்னால் வந்தது. சுமாரான ஒலியால் யார் பெயரும் கெட்டு நான் பார்த்ததில்லை. தயாரில்லாத வாசிப்பால் கெட்டுப் பார்த்திருக்கிறேன்.

அதே கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. பதிவு முடிந்த அன்று மூலப் பதிவான மாஸ்டர் டேப்பைக் காசு கொடுத்து வாங்க மெய்டனிடம் பணம் இல்லை. பிறகு பணத்தோடு போனபோது டேப்பை அழித்துவிட்டிருந்தார்கள். எல்லா டிராக்கையும் ஒன்றாகக் கலந்து கையில் மிஞ்சிய அந்த மிக்ஸ்தான் இன்று நாம் கேட்பது.

இன்னொரு பிரிட்டிஷ் பேண்டான டைமண்ட் ஹெட்டுக்கு நடந்தது வேறு மாதிரி. 1980-ல் தங்கள் முதல் ஆல்பத்தை வெற்று வெள்ளை உறையில், பெயர்கூட அச்சிடாமல், முதலில் 1,000 பிரதி போட்டுக் கச்சேரிகளிலும் தபாலிலும் விற்றார்கள். அதிலிருந்த ‘ஆம் ஐ ஈவில்?’ பாட்டைத்தான் 1984-ல் மெட்டாலிகா எடுத்து வாசித்தது. அந்த ஆல்பத்தின் மூல டேப் வெளிநாட்டு லேபிள் ஒன்றுக்குப் போய், எத்தனையோ வருடம் திரும்பவே இல்லை. மாறாக அமெரிக்க பேண்டான மோட்லி க்ரூவைப் பாருங்கள். 1981-ல் ‘டூ ஃபாஸ்ட் ஃபார் லவ்’ ஆல்பத்தைத் தங்கள் சொந்த லேபிளில் வெளியிட்டார்கள். அடுத்த வருடம் எலெக்ட்ரா என்ற பெரிய லேபிள் அதை எடுத்தபோது தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கரை வைத்துப் புதிதாக மிக்ஸ் செய்ய முடிந்தது. தனித்தனி டிராக்குகள் பத்திரமாக இருந்தால்தான் அது நடக்கும்.

நாங்கள் கோட்டைவிட்டது இதைத்தான். இரண்டாம் நாள் இரவு களைப்பில், மிக்ஸ் செய்த மூன்று பாட்டுகளை ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். மற்றதெல்லாம் ஸ்டுடியோவில் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பினோம். பதினோரு மாதம் கழித்து, ஸ்னேரை மட்டும் கொஞ்சம் உயர்த்தித் திரும்ப மிக்ஸ் செய்யலாம் என்று கேட்டபோது, இடம் போதாமல் பழைய ப்ராஜெக்ட்களை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களிடம் சண்டைபோட எங்களுக்கு வாய் இல்லை. வைத்திருக்கும்படி நாங்கள் எழுதியும் கேட்கவில்லை, தனியாகப் பணமும் கொடுக்கவில்லை. முதல் நாள் முழுக்க உயிரைக் கொடுத்துப் பதிந்த டிரம்ஸ் இப்போது கிட்டாருக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பிரித்தெடுக்க முடியவில்லை. டிராக்குகளைப் பிரிக்கும் மென்பொருள்கள் மூன்றில் போட்டுப்பார்த்துவிட்டேன், சிம்பல் தகரம் மாதிரி வருகிறது.

அதனால் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்: ‘மிக்ஸ் மட்டும் போதாது, எல்லா டிராக்கும் எங்களுக்கு வேண்டும்.’ ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும் வாங்கினால் ஆகாது, அதைத் திறக்க அதே மென்பொருளும் அதே ப்ளக்-இன்னும் (துணை மென்பொருளும்) வேண்டும். ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்து தொடங்கும் முழு நீள 24 பிட் வேவ் ஃபைலாகக் கேளுங்கள். அப்படி இருந்தால் இருபது வருடம் கழித்து எந்த மென்பொருளில் போட்டாலும் வரிசையாகப் போய் உட்காரும். கிட்டாரின் நேரடி சிக்னல், கிளிக், டெம்போ (தாள வேகம்) எண், ஒதுக்கிவிட்ட டேக்குகள் எல்லாம் சேரட்டும். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை உங்கள் இரண்டு நாள் கணக்கிலேயே ஒதுக்கி வையுங்கள், மிக்ஸிங்கில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஸ்டுடியோவை விட்டு வெளியே வருவதற்கு முன், உங்கள் லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, ஒவ்வொரு ஃபைலையும் திறந்து சில நொடியாவது ஓட்டிப்பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, பேண்டில் வேறொருவரிடம் கொடுத்துவையுங்கள். பாட்டு தொடங்கும் முன் டிரம்மர் குச்சியைத் தட்டி எண்ணுவாரே, அதையும் வெட்டிவிடாமல் வாங்குங்கள். எங்கள் மூன்றாவது பாட்டுக்கு முன்னால் எங்கள் டிரம்மர் மூச்சை இழுத்து, ‘இந்தத் தடவை விடக்கூடாதுடா’ என்று சொல்லிவிட்டு எண்ணினான். ஹெட்ஃபோனில் நாலு பேரும் கேட்டோம். மிக்ஸில் அது இல்லை.