ஐந்துக்கு எதிர்ச்சொல் என்ன?

அன்புள்ள ஐயா,

ஒரு மொத்த மளிகைக் கடையின் பழைய பில்லிங் புரோகிராமை விஷுவல் பேசிக் (வி.பி.) 6 மொழியிலிருந்து பைத்தான் மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். 'இல்லை' என்று பொருள்படும் 'நாட்' வரும் இடத்திலெல்லாம் ~ குறி போடச் சொல்கிறார் நண்பர். பைத்தானிலும் 'நாட்' இருக்கிறதே, அப்படியே விட்டால் என்ன என்கிறேன் நான். பெயரில் 'ரொக்கம்' என்று இல்லாவிட்டால் கடன் கெடுவை அச்சடிக்கும் வரி ஒன்று. 'இஃப் நாட் இன்ஸ்டர்' என்று இருந்ததை 'நாட் இன்' என்று எழுதினேன். பழையதில் ரொக்க பில்லிலும் கெடு வந்தது, புதியதில் வரவில்லை. எங்கே தவறினேன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இருவரும் பாதி சரி. அதாவது, யார் பேச்சைக் கேட்டாலும் புரோகிராம் பாதி கெடும்.

வி.பி.யின் 'நாட்' எண்ணைக் கண்டால் அதன் பிட்டுகளை, அதாவது கணினி அதை எழுதிவைக்கும் 0, 1 இலக்கங்களை, புரட்டிப்போடும். 'நாட் 5' என்றால் -6. சி மொழியில் இந்த வேலைக்கு ~, உண்டா இல்லையா என்பதற்கு ! என்று தனித்தனிக் குறிகள். வி.பி. ஒரே சொல்லை வைத்து இரண்டையும் ஓட்டியது. ஓட முடிந்ததற்குக் காரணம், அங்கே ட்ரூவின் (உண்மை) மதிப்பு -1, எல்லா பிட்டும் 1. புரட்டினால் 0, ஃபால்ஸ் (பொய்). 1 வந்தால்தான் வம்பு. விண்டோஸ் ஃபங்ஷன்கள் பல சி வழக்கப்படி ஆமாம் என்பதற்கு 1 தரும். 'நாட் 1' என்பது -2; பூஜ்யம் தவிர எந்த எண்ணும் ட்ரூ என்பதால் அதுவும் ட்ரூதான். ஜன்னல் தெரிகிறதா என்றாலும் ஆமாம், தெரியவில்லையா என்றாலும் ஆமாம். இதில் ஒரு ராத்திரி முழுக்கத் தொலைத்தவன் நான்.

உங்கள் ரொக்க வரியும் இதே கதைதான். 'இன்ஸ்டர்' சொல் இருக்கும் இடத்தை எண்ணாகத் தரும். 3-ஆவது இடத்தில் கிடைத்தால் 'நாட் 3', அதாவது -4. கிடைக்காவிட்டால் 'நாட் 0', -1. இரண்டும் ட்ரூ. ஆக, இத்தனை வருஷமும் எல்லா பில்லிலும் கெடு அச்சாகியிருக்கிறது. நீங்கள் தவறவில்லை, தெரியாமலே பழைய பிழையைத் திருத்திவிட்டீர்கள்.

அதற்காக எல்லா இடத்திலும் 'நாட்' என்றே விட்டுவிடாதீர்கள். '13 ஆண்ட் நாட் 4' போன்ற வரிகளில் 4-க்கான பிட்டை மட்டும் அணைப்பதுதான் நோக்கம், விடை 9. அங்கே பைத்தானில் & ~4 தான் வேண்டும். 'நாட்' என்றே எழுதினால் முதலில் இலக்கணப் பிழை என்று முரண்டு பிடிக்கும். அடைப்புக்குறி போட்டுச் சமாதானம் செய்தீர்களோ, விடை 0, எல்லா பிட்டும் போச்சு.

நண்பரின் ~ குறி, ஆக்சஸ் என்ற தரவுத்தளக் கோப்பிலிருந்து வரும் -1-க்கு ஒழுங்காக வேலை செய்யும். பைத்தானின் சொந்த ட்ரூவுக்குப் போட்டால் -2 வரும். 3.12 பதிப்பிலிருந்து பைத்தானே இதை எச்சரிக்கிறது.

ஒவ்வொரு 'நாட்'டுக்கும் வலப்பக்கம் நிற்பது எண்ணா, ட்ரூ ஃபால்ஸா என்று பார்த்து மாற்றுங்கள், வேறு குறுக்குவழி கிடையாது. அப்புறம், ரொக்க பில்லில் கெடு வேண்டுமா என்று கடைக் கணக்குப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தத் தேதியைப் பார்த்துத்தான் அவர் பில்களை அடுக்குகிறாரோ என்னவோ.