மூத்தோருக்கேற்ற வீடு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வாசலில் படிகள் உள்ளன. சக்கர நாற்காலிக்கு எவ்வளவு நீளத்தில் சாய்தளம் கட்ட வேண்டும்?

பதில்: படியின் உயரத்தை எழுதாமல் நீளத்தைக் கேட்டால் எவராலும் விடை சொல்ல இயலாது. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பதே கணக்கு. ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் 18 அடி வேண்டும். தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டின் கார் நிறுத்துமிடம் ஏறக்குறைய முழுவதும் அதற்கே போய்விடும். இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டினால், நாற்காலியைத் தள்ளுபவரும் சேர்ந்து விழுவார். அளந்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: என் மாமியார் துண்டு போடும் கம்பியைப் பிடித்துத்தான் கழிவறையில் எழுகிறார். வீடு பலகைச் சுவர் வீடு.

பதில்: அந்தக் கம்பி துண்டின் எடையைத் தாங்கத்தான் செய்யப்பட்டது, ஆளின் எடையை அல்ல. அதை இன்றே கழற்றுங்கள். கைப்பிடியை வெறும் பலகையில் திருகாமல், பலகைக்குப் பின்னாலுள்ள சட்டக்கட்டையில் பொருத்தச் சொல்லுங்கள். சுவரில் உறிஞ்சி ஒட்டும் கைப்பிடிகளை வாங்கவே வேண்டாம்.

கேள்வி: தீபாவளிக்குள் குளியலறையைப் புதுப்பிக்கிறோம். பளபளப்பான வெள்ளை டைல்ஸ் தேர்ந்தெடுத்துவிட்டோம். அப்பாவுக்கு 74 வயது. வேறு என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த டைல்ஸை மாற்றுங்கள். ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் இதே கடிதம் வருகிறது. பண்டிகை முடிந்த பின்பு இடுப்பெலும்பு முறிந்த செய்தியும் சில வீடுகளிலிருந்து வருகிறது. பழைய தோட்டத் தொழிலாளர் வீடுகளில் குளியலறைத் தரை சொரசொரப்பான சிமெண்டாக இருந்ததால் ஈரத்திலும் கால் பிடித்து நின்றது. தாமானுக்குக் குடிவந்த நாம், விருந்தினர் பார்வைக்காகக் கூடத்துக்குப் போட வேண்டிய வழவழப்பைக் குளியலறை வரை கொண்டுபோய்விட்டோம். இதோடு, பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறையை ஒரு படி தாழ்த்தி, குளியலறையை இன்னொரு படி தாழ்த்திவிடுகிறார்கள். இரவில் இரண்டு முறை எழும் முதியவர் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு படிகளையும் இருட்டில் தேட வேண்டியிருக்கிறது. தண்ணீர் வெளியே வராமலிருக்கப் படி வேண்டும் என்று கட்டுமானக் குத்தகையாளர் சொல்வார். தரையைச் சற்றே சரித்து, வாசலோரம் கம்பிவலை மூடிய சிறு வடிகால் வைத்தாலே போதும். குந்து கழிவறைக்குப் பதிலாகச் சுமார் 18 அங்குல உயரமுள்ள இருக்கையை வையுங்கள். கதவு வெளிப்புறம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரின் உடல் கதவை அடைத்துக்கொண்டால் யாரும் நுழைய முடியாது. தரை, கைப்பிடி, விளக்கு ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கிய பிறகு வண்ணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: இன்னும் தோட்ட வீட்டில்தான் இருக்கிறேன், 60 வயதில் ஓய்வு. கழிவறையை மாற்றிக் கட்டலாமா?

பதில்: வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டிய வீட்டில் சேமநிதிப் பணத்தைப் போடாதீர்கள். கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய உயர்த்திய இருக்கையும் குளியல் நாற்காலியும் போதும்.

கேள்வி: சக்கர நாற்காலிக்கு அரசு உதவி கிடைக்குமா?

பதில்: ஓகேயூ அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) இருந்தால் சமூகநலத்துறையில் விண்ணப்பிக்கலாம். வாங்குமுன் கதவுகளின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 32 அங்குலத்துக்குக் குறைந்தால் நுழைவது சிரமம்.

கேள்வி: திருட்டுப் பயத்தால் இரவில் கிரில்லைப் பூட்டிச் சாவியை மகன் தன் அறையில் வைத்துக்கொள்கிறான். சரியா?

பதில்: தவறு. தீப்பிடித்தால் தாயார் வெளியேற வழியில்லை. ஒரு சாவி அவர் கைக்கெட்டும் ஆணியில் தொங்கட்டும்.